படம் சிக்கிச் சிக்கி ஓடுவது ஏன்?

கம்ப்யூட்டரில் டிவிடி போட்டுப் படம் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்றுண்டு. படம் சிக்கிச் சிக்கி ஓடுகிறது, முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன, வாய் அசைந்து முடிந்த பிறகு வசனம் வருகிறது. டிரைவுக்கு வயதாகிவிட்டது, இன்னும் வேகமான ஒன்றை வாங்கிப் போட வேண்டும் என்பதுதான் உடனே கிடைக்கும் ஆலோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த ஆலோசனை நிற்காது. ஒரு டிவிடி படம் தன் உச்சத்தில் கேட்பது வினாடிக்கு 10.08 மெகாபிட் தகவல். டிரைவ் தன் அடிப்படை வேகத்தில், அதாவது ‘1 எக்ஸ்’ என்று குறிக்கப்படும் வேகத்தில் சுழன்றாலே வினாடிக்கு 11.08 மெகாபிட் படித்துக் கொடுத்துவிடும். கடையில் விற்கும் சாதாரண டிரைவின் பெட்டியிலேயே ‘16 எக்ஸ்’ என்று போட்டிருக்கும். தேவைக்குப் பதினாறு மடங்கு வேகம் கையில் இருந்தும் படம் நிற்கிறது என்றால், குறை வேகத்தில் இல்லை. டிரைவ் ஒரே சீராகப் படிக்க முடியாமல் தடுமாறுவதில் இருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவை காசில்லாதவை. கடலோரத்தில், குறிப்பாக உப்பளம் சூழ்ந்த மரக்காணம் போன்ற ஊரில் இருப்பவர்கள் இவற்றை மற்றவர்களைவிட முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தை அதன் வெள்ளைக் குவியல்களால் அடையாளம் காண்பார்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவெளி என்ற சதுப்புநிலம், நடுவே பாத்தி பாத்தியாக உவர்நீர். வெயில் காலம் முழுக்க உப்பு வாருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். இந்த வட்டாரத்து வீடுகளிலும் தமிழகத்தின் எல்லாச் சிற்றூர்களையும் போலவே 2006க்குப் பிறகு டிஸ்க்குகள் வந்து குவிந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசின் இலவசக் கலர் டிவி திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, படத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் சொந்தமாகவே வாங்கினார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த வீடியோவும் கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாறியது. 28 ரூபாய்ப் படம் கெட்டுப்போனால் அதை இன்று வேறெங்காவது பார்த்துக்கொள்ளலாம். அந்த நிறுவனமே 2018இல் கலைக்கப்படும் நிலைக்குப் போய்விட்டது, படங்களோ வேறு வழிகளில் கிடைக்கின்றன. கல்யாண டிவிடி அப்படியல்ல. இறந்துபோன தாத்தா நடந்து வருவதும் பேசுவதும் பல வீடுகளில் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஆகவே டிவிடி டிரைவைச் சரியாக வைப்பதைப் பழைய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் காற்று. சமையலறை ஜாடியில் இருக்கும் கல்லுப்பு மழைக்காலத்தில் கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. கடலிலிருந்து வரும் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துவிடும். கடற்கரையில் காற்று அவ்வளவு வறண்டுபோவது அபூர்வம். எனவே மரக்காணத்தில் ஒரு மின்கருவிக்குள் படியும் உப்புத் தூசு ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கிறது. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். மேசைக் கம்ப்யூட்டரின் மின்விசிறி உள்ளே இருக்கும் சூடான காற்றை வெளியே தள்ளும்போது, அதற்கு ஈடான காற்று கிடைக்கிற இடுக்கு வழியாகவெல்லாம் உள்ளே வரும். டிரைவின் தட்டுக்கும் முகப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியொரு இடுக்கு. அந்தக் காற்று போகும் வழியில்தான் பட்டாணி அளவுள்ள லென்ஸ் இருக்கிறது. அதன் மேல் படியும் மெல்லிய படலம் லேசர் ஒளியைச் சிதறடிக்கிறது. டிவிடியில் தகவல் சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரான் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடும். அவ்வளவு நெருக்கமான எழுத்தைப் புகை படிந்த கண்ணாடி வழியே படிக்கச் சொன்னால் எந்த டிரைவும் திணறத்தான் செய்யும்.

டிஸ்க்கையும் காற்று விட்டுவைப்பதில்லை. இதில் விசிடியும் டிவிடியும் ஒன்றல்ல. விசிடி என்பது சிடிதான். அதன் பளபளக்கும் உலோகப் படலம் மேல்பக்கத்தில், பெயர் அச்சிட்ட பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. காப்பதற்கு மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றுதான். அடிப்பக்கத்தில் கீறல் விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறவர்கள், மேல்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதுவார்கள், ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்ப்பார்கள். படலம் போனால் தகவலும் போயிற்று. டிவிடியோ 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. படலம் நடுவில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஓரத்தில் ஒட்டு விட்டால் ஈரம் உள்ளே போய்விடும். ஸ்டூடியோவில் எழுதித் தரும் டிவிடியில் இன்னொரு பலவீனமும் உண்டு. அதில் தகவலைத் தாங்குவது சாயப் படலம், அது வெயிலிலும் சூட்டிலும் மங்கும். வீட்டில் இருக்கும் டிஸ்க்கைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாகவோ மேகம்போலவோ கறை பரவியிருந்தால் அந்த டிஸ்க்குக்கு அவசரம்.

இப்போது முக்கியமான கேள்வி. அதே டிஸ்க் டிவியோடு இணைத்த டிவிடி பிளேயரில் சுமாராக ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் உறைந்து நிற்கிறது? டிவிடி பிளேயர் படம் காட்டுவதற்கென்றே செய்தது. ஒரு துண்டு படிக்கவில்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விடும். திரையில் ஒரு கணம் கட்டங்கள் தெரியும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் டிரைவ் மென்பொருளையும் கோப்புகளையும் படிப்பதற்காகச் செய்தது. ஒரு மென்பொருளில் ஒரு எழுத்து பிசகினாலும் அது ஓடாது என்பதால், படிக்க முடியாத இடத்தை அது லேசில் விடாது. திரும்பத் திரும்பப் படிக்கும், வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், மறுபடி ஏற்றும். டிரைவிலிருந்து விர்ரென்று ஒரு சத்தம் எழும்பி, தணிந்து, மீண்டும் எழும்புவது இதனால்தான். 1 எக்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 1,500 சுற்று சுற்றும் டிஸ்க், 16 எக்ஸில் 10,000 சுற்றை நெருங்குகிறது. லேசாக வளைந்த அல்லது எடை சமமில்லாத டிஸ்க் அந்த வேகத்தில் அதிரும். அதிர்ந்தால் பிழை கூடும், பிழை கூடினால் மறுவாசிப்பு, மறுவாசிப்பின்போது படம் நிற்கும். ஆகவே படம் பார்க்கும்போது டிரைவின் வேகத்தை 2 எக்ஸ் அல்லது 4 எக்ஸுக்கு இறக்கி வைப்பதுதான் முதல் வேலை. விண்டோஸில் நீரோ டிரைவ்ஸ்பீட் போன்ற சிறிய மென்பொருள் இதைச் செய்யும். லினக்ஸில் ‘இஜெக்ட்’, ‘ஹெச்டிபார்ம்’ ஆகிய கட்டளைகளில் இதற்கென்றே வசதி உண்டு. எல்லா டிரைவும் இதற்குப் பணிந்துவிடாது என்பது உண்மை. ஆனால் பணியும் டிரைவில் பலன் அப்போதே தெரியும். சத்தம் அடங்கும், சூடு குறையும், படமும் ஓடும்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். அதைத் தெரிந்துகொண்டால் பெரிய புதிர் ஒன்று விலகும். கீறல் விழுந்த ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்த பிறகு, புத்தம்புது டிஸ்க்கும் சிக்கத் தொடங்கியதாகப் பலர் சொல்வதுண்டு. டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் டிரைவ் நன்றாகவே இருக்கும். பட்டையான கேபிளில் இணைத்த டிரைவ்கள் தகவலை அனுப்ப இரண்டு முறைகள் இருந்தன. டிஎம்ஏ முறையில் தகவல் நேராக நினைவகத்துக்குப் போகும். பிஐஓ முறையில் ஒவ்வொரு துண்டையும் பிராசசரே கையால் எடுத்து வைக்க வேண்டும். எக்ஸ்பியில் ஒரு டிரைவின் மீது மொத்தம் ஆறு பிழைகள் பதிவானால் விண்டோஸ் அதைப் படிப்படியாகக் கீழ்முறைக்கு இறக்கிவிடும், கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும். அதன் பிறகு தானாக மேலே ஏறாது. படத்தைப் பிரித்துக் காட்ட வேண்டிய பிராசசர் தகவல் சுமப்பதிலேயே களைத்துப்போவதால் எந்த டிஸ்க் போட்டாலும் சிக்கும். டிவைஸ் மேனேஜருக்குப் போய், ஐடிஇ கன்ட்ரோலர் பகுதியில் செகண்டரி சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே பிஐஓ என்றிருந்தால் அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினால் போதும். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் பொருத்திக்கொள்ளும். அப்படிச் செய்தும் சில நாளில் மறுபடி பிஐஓவுக்கு இறங்கினால், கேபிள் முனைகளைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் அந்த ஊசிகள் பச்சை பூத்திருக்கும். கழற்றி, சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அழுத்திச் செருகினால் சரியாகும். சாட்டா கேபிள் உள்ள கம்ப்யூட்டர்களில் இந்த முறைமாற்றத் தொல்லை அநேகமாக இல்லை. முனை அரிப்பு மட்டும் அங்கேயும் உண்டு.

இன்றைய லேப்டாப்புகளில் டிரைவே இல்லாததால் யுஎஸ்பி டிரைவ் வாங்கி இணைக்கிறார்கள். அதில் வரும் சிக்கல் வேறு வகை. யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தர வேண்டிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர். டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில் மெல்லிய டிரைவுகள் இதைவிடக் கூடுதலாகக் கேட்பதுண்டு. கிடைக்காவிட்டால் டிரைவ் அணைந்து அணைந்து உயிர்பெறும். பார்ப்பவர் டிஸ்க்கைக் குறை சொல்வார். சில டிரைவ்களோடு இரட்டை முனைக் கேபிள் தருவது இதற்காகவே. இரண்டு முனைகளையும் செருக வேண்டும், நீளமான இணைப்புக் கேபிளைத் தவிர்க்க வேண்டும், முடிந்தால் யுஎஸ்பி 3 துளையில் போட வேண்டும்.

அடுத்தது பிளேயர் மென்பொருள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் விண்டோஸ் மீடியா பிளேயர் டிவிடி படத்தைக் காட்டுவதில்லை. அதனால் புதிய கம்ப்யூட்டரில் டிஸ்க் ஓடவில்லை என்றதும் டிரைவைச் சந்தேகிக்க வேண்டாம். விஎல்சி பிளேயரை இலவசமாக இறக்கிக்கொண்டால் டிவிடியும் விசிடியும் இரண்டும் ஓடும். அதில் டிஸ்க்கைத் திறக்கும் பெட்டியில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தட்டினால் ‘கேச்சிங்’ என்ற இடம் வரும், 300 மில்லிசெகண்ட் என்றிருக்கும். படத்தை எவ்வளவு நேரத்துக்கு முன்கூட்டியே எடுத்துக் கையிருப்பாக வைப்பது என்பதற்கான அளவு அது. டிரைவ் ஒரு இடத்தில் ஒரு வினாடி தடுமாறினால் 0.3 வினாடிக் கையிருப்பு தாங்காது. அதை 2,000 என்று மாற்றினால் சிறு தடுமாற்றங்கள் திரைக்கு வராமலே போய்விடும். டிஸ்க்கைப் போட்டதும் படம் தொடங்கக் கொஞ்சம் தாமதமாகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாண வீடியோக்களில் ஆட்கள் நகரும்போது சீப்புப் பல்போல் கிடைக்கோடுகள் தெரிவதையும் சிலர் டிரைவின் குறை என்று எண்ணுகிறார்கள். அது டிவிக்காக வினாடிக்கு 50 அரைப்படங்களாக எடுத்ததன் விளைவு. விஎல்சியின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை இயக்கி, ‘யாடிஃப் 2 எக்ஸ்’ முறையைத் தேர்ந்தால் கோடு மறைந்து அசைவு வழுக்கிக்கொண்டு போகும். நம் ஊர் டிவிடிகள் பெரும்பாலும் வினாடிக்கு 25 படம். கம்ப்யூட்டர் திரையோ வினாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது. 25 என்பது 60க்குள் சரியாக அடங்காததால், கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் ஒரு குலுக்கல் இருக்கும். திரை அமைப்பில் 50 அல்லது 75 ஹெர்ட்ஸ் கிடைத்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு அடுக்குள்ள பட டிவிடியில் நடுவில் ஒரே ஒரு முறை அரை வினாடி நிற்பது மட்டும் இயல்பு. லேசர் ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்கு மாறும் நேரம் அது.

இத்தனையும் செய்த பிறகும் சிக்குகிற டிஸ்க்கை என்ன செய்வது? டிரைவில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, கந்தலை மேலும் துவைப்பதற்குச் சமம். ஒருமுறை நிதானமாகப் படித்து ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பார்ப்பதுதான் சரி. படம் ஓடும்போது டிரைவுக்கு நேரக் கெடு உண்டு, ஒவ்வொரு வினாடியும் அடுத்த வினாடிக்கான தகவல் வந்தாக வேண்டும். நகலெடுக்கும்போது கெடு எதுவும் இல்லை. ஒரு இடத்தில் அரை மணி நேரம் முக்கினாலும் முக்கட்டும். 4.7 ஜிபி டிவிடி நல்ல நிலையில் இருந்தால் 4 எக்ஸில் சுமார் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் அப்படிப்பட்ட இருநூறு டிவிடிகளைக் கொள்ளும். ஸ்டூடியோ டிவிடிகளில் பூட்டு எதுவும் இருக்காது, ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் போதும். நடுவில் பிழை என்று நின்றால் லினக்ஸில் கிடைக்கும் ‘டிடிரெஸ்க்யூ’ கைகொடுக்கும். அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வந்து பொறுமையாக முயலும். சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து மிச்சத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல ஒழுங்கு கிடையாது. விசிடியில் நிலைமை கொஞ்சம் கடினம். ஒரு சிடிக்குள் 80 நிமிடம் வரை படத்தை அடைப்பதற்காக, சாதாரண டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கை அதில் விட்டுவிட்டார்கள். நம் இரண்டரை மணி நேரப் படம் இரண்டு மூன்று டிஸ்க்காக வந்ததும் அந்த இடநெருக்கடியால்தான். ஆகவே விசிடிகளை டிவிடிகளுக்கு முன்னால் நகலெடுங்கள்.

இங்கே சட்டத்தைப் பற்றிய தயக்கம் சிலருக்கு வரும். அது நியாயமான தயக்கம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஸ்க்கின் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நகலெடுத்து விற்பது முன்பும் குற்றம், இப்போதும் குற்றம். கடையில் வாங்கிய பட டிஸ்க்குகளை வேகம் குறைத்து, கையிருப்பைக் கூட்டி, டிஸ்க்கிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். நான் நகலெடுக்கச் சொல்வது உங்கள் குடும்பம் காசு கொடுத்து எடுத்த வீடியோவை.

இன்னொரு மறுப்பும் உண்டு. எல்லாமே போனில் கிடைக்கும் காலத்தில் டிஸ்க்கோடு எதற்கு மல்லுக்கட்டு, ஸ்டூடியோக்காரரிடம் கேட்டால் பென்டிரைவில் போட்டுத் தரமாட்டாரா? கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கல்யாணத்தின் மூலப்பதிவை ஸ்டூடியோ வைத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அவர்களுடைய ஹார்டு டிஸ்க்கும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதோடு இந்தக் கரை புயல்களின் பாதையில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்த புயல்கள் இந்த வட்டாரத்து வீடுகளுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தன. நனைந்த டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி உப்பையும் சேற்றையும் போக்கி, நிழலில் உலர்த்தி, மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவலின் சுற்றோடு சேர்ந்தே ஓடும். டிரைவின் பிழைதிருத்தம் சில மில்லிமீட்டர் நீளச் சேதத்தைத் தாங்கும், சுற்றோடு நீளும் கீறலைத் தாங்காது. பற்பசை தேய்ப்பது, வாழைப்பழத் தோல் தேய்ப்பது எல்லாம் கடைசிக் கடைசியாக, அதுவும் அடிப்பக்கக் கீறலுக்கு மட்டும். லென்ஸுக்கு ரப்பர் ஊதுகுழலால் காற்று அடித்தால் பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அழுத்தாமல். டிரைவை மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட விடுவது நல்லது, அந்தச் சூட்டில் உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறும். டிஸ்க்குகளை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, சுவரை ஒட்டாத உயரமான இடத்தில் வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, அலமாரியில் இருக்கும் குடும்ப டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கறை கண்டவற்றை முதலில், மற்றவற்றைப் பிறகு என்று நகலெடுத்துவிடுங்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், மற்றொன்றைத் திண்டிவனத்திலோ செஞ்சியிலோ, கடலிலிருந்து தள்ளியுள்ள ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.